பத்து வயதுப் பிள்ளைகளின் ஸ்கோரை அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பத்து வயதுக்கு உட்பட்டோருக்கான கால்பந்து இறுதிப் போட்டி பற்றிய செய்தி வந்திருந்தது. ஸ்கோர் 11-0. 'கோல் மழை' என்று தலைப்பு. ஏழு கோல் அடித்த பையன் கோப்பையோடு நிற்கும் படம், அதன் கீழே 'நாளைய நட்சத்திரம்' என்று ஒரு வரி. தோற்ற அணி 'எதிர்ப்பே காட்டாமல் சரணடைந்தது' என்றும் உங்கள் நிருபர் எழுதியிருந்தார். சரணடைந்தவர்களுக்கு ஒன்பது வயது.

நான் சிறுவர் போட்டிகளுக்கு விசில் ஊதுகிறவன். அந்த மேட்ச்சுக்கு நான் நடுவர் இல்லை, ஆனால் அதே மாதிரி மேட்ச்சுகளை நிறையப் பார்த்தாயிற்று. என் கோரிக்கை ஒன்றுதான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு ஸ்கோரையும் புள்ளிப் பட்டியலையும் அதிக கோல் அடித்தவர் பெயரையும் அச்சிடுவதை நிறுத்துங்கள். போட்டி நடத்துகிறவர்களிடம் சொல்லவேண்டியதை இவன் ஏன் பத்திரிகைக்கு எழுதுகிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். "சின்ன கிரவுண்டு, சின்ன கோல், ஸ்கோர் கிடையாதுன்னா பேப்பர்ல என்ன சார் வரும்?" என்று கேட்டார்கள். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 11-0 எப்படி வந்திருக்கும் என்று சொல்கிறேன். இந்தப் போட்டிகளில் வைக்கிற பெரியவர்களின் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பத்து வயதுப் பிள்ளை சுமார் 1.4 மீட்டர் உயரம் இருக்கும். கையை மேலே நீட்டிக் குதித்தாலும் கோலின் மேல் கம்பமான கிராஸ்பாருக்கு எட்டாது. ஆகவே பந்தைத் தரையிலிருந்து தூக்கி அடிக்கத் தெரிந்த ஒரு பையன் அணியில் இருந்தால் போதும், கோல்கீப்பரின் தலைக்கு மேல் போகிற எல்லாமே கோல். இதைக் கண்டுபிடிக்காத கோச் கிடையாது. காலில் பலமுள்ள இரண்டு பேரைப் பின்னால் நிறுத்துவார், வேகமாக ஓடுகிற ஒருவனை முன்னால் நிறுத்துவார். பின்னாலிருந்து தூக்கி அடி, முன்னால் இருப்பவன் துரத்திப் போய் அடி. மற்ற எட்டுப் பேருக்கும் வேலையே இல்லை.

விசிலோடு நடுவில் நிற்கிறவனுக்கு அந்த எட்டுப் பேர்தான் கண்ணில் படுவார்கள். கேலரியிலிருந்து பார்த்தால் பந்து மட்டும்தான் தெரியும். லெஃப்ட் பேக்காக நிறுத்தப்பட்ட பிள்ளை ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று புல்லைப் பிடுங்கும், இன்னொன்று அம்மாவுக்குக் கை காட்டும். ஜெயிக்கிற அணியின் கோல்கீப்பர் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் ஆடுவான். விளையாட்டில் அக்கறை இல்லை என்று இவர்களைத் திட்டுகிறார்கள். பந்தே வராத இடத்தில் அக்கறையை எங்கே காட்டுவது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் உள்ள முழு மைதானத்தில் 22 பேர் ஆடினால் ஒரு பிள்ளைக்கு 320 சதுர மீட்டருக்கு மேல் விழுகிறது. இங்கிலாந்தில் 2025-26 சீசன் வரை ஏழு, எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்துக்கு ஐந்தாக ஆடிய மைதானம் சுமார் 37-க்கு 27 மீட்டர்தான். அதில் ஒருவருக்கு 100 சதுர மீட்டர். பந்து எப்போதும் பக்கத்திலேயே இருக்கும், ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. கோலும் 3.66 மீட்டர் அகலம், 1.83 மீட்டர் உயரம், ஒரு பிள்ளை காக்கக்கூடிய அளவு. ஒன்பது வயதுக்கு உட்பட்டோருக்கு ஏழுக்கு ஏழு, பதினொன்றுக்கு உட்பட்டோருக்கு ஒன்பதுக்கு ஒன்பது என்று படிப்படியாக ஏறி, பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் பிரிவில்தான் அங்கே பதினொரு பேர் ஆட்டம் தொடங்கியது.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2024-25 சீசனிலிருந்து அங்கே மிகச் சிறிய பிள்ளைகள் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று நான்கு குட்டி கோல்கள் வைத்து ஆடுகிறார்கள், கோல்கீப்பரே கிடையாது. கீழ் வயதுப் பிரிவுகளுக்குப் புள்ளிப் பட்டியலும் கிடையாது. நான்கு உலகக் கோப்பை ஜெயித்த நாடு இதைச் செய்கிறது என்பதைப் போட்டி நடத்துகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இடம் இல்லை, கோல் இல்லை என்பார்கள். ஒரு முழு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் நான்கு சின்ன மைதானம் தாராளமாக வரும். 22 பேர் ஆடிய இடத்தில் 40 பேர் ஆடலாம். கோலுக்கு இரண்டு கோன் போதும். சொல்லப்போனால் செலவு குறைகிறது. ஆனால் நான்கு ஆட்டம் ஒரே நேரத்தில் நடந்தால் எதைப் படம் பிடிப்பது, யாரிடம் கோப்பையைக் கொடுப்பது என்ற கவலை வந்துவிடுகிறது. ஸ்பான்சர் பெரிய மேடை கேட்பார். பெரிய மேடைக்குப் பெரிய மைதானம் வேண்டும், ஒரே ஒரு ஃபைனல் வேண்டும், அந்த ஃபைனலுக்கு ஒரு ஸ்கோர் வேண்டும்.

பந்து விஷயத்திலும் இதே கதைதான். பிள்ளைகளுக்கென்றே 3, 4 ஆம் நம்பர் பந்துகள் இருக்கின்றன. பெரியவர்களின் 5 ஆம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம். 4 ஆம் நம்பர் 350-லிருந்து 390-க்குள், 3 ஆம் நம்பர் 300-ஐ ஒட்டி. ஆனாலும் டாஸ் போட்டதும் என் கையில் கொடுப்பது பெரும்பாலும் 5 ஆம் நம்பர்தான். "இதுலயே பழகட்டும் சார்." காலுக்குப் பெரிய பந்தில் பழகுகிற பிள்ளை உதைக்கத்தான் பழகும், பந்தை உருட்டி ஏமாற்றப் பழகாது.

அடுத்து, கோட்டுக்கு வெளியிலிருந்து வரும் சத்தம். நடுவருக்கு இரண்டு பக்கமும் கேட்கும். "தூக்கி அடிடா!" "வெச்சுக்கிட்டு நிக்காதே, வெளிய தள்ளு!" "நடுவுல ஏண்டா டிரிபிள் பண்றே?" டிரிபிள் என்றால் பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டே எதிராளியைத் தாண்டிப் போவது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் காலுக்கும் பந்துக்கும் உறவு ஏற்படுகிற காலம். பந்தை இழக்க இழக்கத்தான் அது வரும். சொந்த கோலுக்குப் பக்கத்தில் ஒரு பையன் எதிராளியை ஏமாற்றப் பார்த்துப் பந்தைப் பறிகொடுத்து, கோல் விழுந்தால், அடுத்த தடவை அவன் தூக்கி அடித்துவிடுவான். கோச் சந்தோஷப்படுவார். 1-0 என்று பேப்பரில் வருகிறபோது அந்தப் பையன் எதை விட்டுவிட்டான் என்பது அதில் வராது.

பெல்ஜியம் கால்பந்துச் சங்கத்தில் மிஷெல் சாப்லோன் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தபோது இதைத்தான் முதலில் கையில் எடுத்தார்கள். ஆட்டங்களை வீடியோ எடுத்துப் பார்த்தால், பெரிய மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் பந்தைத் தொடுவதே அபூர்வமாக இருந்தது. இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு என்று ஆட்டத்தைச் சுருக்கினார்கள். சின்ன வயதில் டிரிபிள்தான் முக்கியம், பாஸ் அப்புறம் வரும் என்றார்கள். ஏழு, எட்டு வயதுப் பிரிவுகளுக்குப் புள்ளிப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியை நெதர்லாந்தோடு சேர்ந்து சொந்த மண்ணில் நடத்தி முதல் சுற்றிலேயே வெளியேறிய நாடு, 2018 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல தலைமுறை ஒன்று அமைவதில் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் பட்டியலை எடுத்ததால் ஆட்டம் கெட்டுப்போகும் என்று பயந்தவர்கள் சொன்னது நடக்கவில்லை.

இப்போது நான் மிகவும் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். மேட்ச் தொடங்குமுன் பிள்ளைகளின் பிறந்த தேதி அட்டைகளைச் சரிபார்ப்பது என் வேலை. பலமான அணியின் அட்டைகளைப் புரட்டினால் ஜனவரி, பிப்ரவரி, ஜனவரி, மார்ச் என்றே போகும். நவம்பர், டிசம்பர் பிள்ளைகள் இருந்தால் பெஞ்சில் இருப்பார்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் பிரிகிறது. ஜனவரி 2-இல் பிறந்தவனும் டிசம்பர் 28-இல் பிறந்தவனும் ஒரே பிரிவு, ஆனால் கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். முப்பது வயதில் ஒரு வருஷம் பெரிதில்லை. ஒன்பது வயதில் அது வாழ்நாளில் ஒன்பதில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு உயரத்திலும் வேகத்திலும் தெரிகிறது, கோச் அதைத் திறமை என்று எழுதிக்கொள்கிறார்.

இது என் கண்ணுக்கு மட்டும் பட்ட விஷயம் இல்லை. உலகம் முழுக்க ஆராய்ந்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் 1997 வரை வயதுப் பிரிவு ஆகஸ்ட் 1-இல் பிரிந்தது. அப்போது இளையோர் அணிகளில் ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகள் அதிகம். தேதியை ஜனவரி 1-க்கு மாற்றியதும் ஜனவரி, பிப்ரவரி பிள்ளைகள் அதிகமானார்கள். அந்த நாட்டில் கால்பந்துத் திறமை திடீரென்று குளிர்காலத்துக்கு இடம் மாறிவிட்டது என்று யாராவது நம்புவார்களா?

இங்கிலாந்து வீரர் ஹாரி கேன் பிறந்தது ஜூலை 28. இங்கிலாந்தில் செப்டம்பர் 1-தான் எல்லை, ஆகவே தன் வயதுப் பிரிவில் அவர் கடைக்குட்டிகளில் ஒருவர். ஆர்சனல் கிளப் அவரைச் சின்ன வயதிலேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. பின்னாளில் அந்த நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான். குட்டையாக இருந்ததால் அன்டோயின் கிரீஸ்மானைப் பிரான்சின் கிளப்புகள் திருப்பி அனுப்பின. அவர் ஸ்பெயினுக்குப் போய்க் கற்றுக்கொண்டு, 2018-இல் பிரான்சுக்காகவே உலகக் கோப்பை ஜெயித்தார். இந்தக் கதைகளை எல்லோரும் ஊக்கத்துக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. இவர்கள் விடாப்பிடியாக நின்று தப்பித்தவர்கள். பத்து வயதில் பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போய் வீட்டுக்குப் போன டிசம்பர்ப் பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியவே போவதில்லை.

சரி, பெரிய பிள்ளைக்காவது லாபமா என்றால் அதுவும் இல்லை. உங்கள் படத்தில் இருக்கும் பையனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக இருக்கிறான். உடம்பை வைத்து ஜெயிக்கிறவனை யாரும் டிரிபிள் கற்றுக்கொள்ளச் சொல்லமாட்டார்கள், தலையைத் தூக்கிப் பார்த்து பாஸ் கொடுக்கச் சொல்லமாட்டார்கள். பதினைந்து வயதில் மற்றவர்கள் வளர்ந்து அவன் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்கு அவன் கையில் இருப்பது 'நாளைய நட்சத்திரம்' என்று ஒரு பேப்பர் துண்டு மட்டும்தான்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகள் நடத்தும் அகாடமிகள் சிலவற்றில் இதற்காகவே பிள்ளைகளைப் பிறந்த தேதிப்படி மட்டும் பிரிக்காமல், உடல் முதிர்ச்சியின் அடிப்படையிலும் பிரித்துச் சில போட்டிகள் ஆடவைக்கிறார்கள். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளையின் உயரம், எடையையும் வைத்து, முழு வளர்ச்சியில் எத்தனை சதவீதத்தை அவன் எட்டியிருக்கிறான் என்று கணக்கிடுவார்கள். சீக்கிரம் வளர்ந்தவன் தனக்குச் சமமான உடம்புகளுக்கு நடுவில் முதல்முறையாக மூளையைப் பயன்படுத்த வேண்டியிருக்கும். மெதுவாக வளர்கிறவனுக்கு முதல்முறையாகப் பந்து கிடைக்கும். எல்லா இடத்திலும் இதைச் செய்ய முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் பயிற்சியில் வாரம் ஒரு நாள் உயரப்படி கலைத்து ஆடவைக்க எந்தக் கணக்கும் தேவையில்லை.

வளர்ச்சி என்றதும் இன்னொன்று. பையன்களுக்குப் பதினான்கு வயதை ஒட்டியும் பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டை ஒட்டியும் உயரம் மளமளவென்று ஏறும். அந்தச் சமயத்தில் நேற்றுவரை நன்றாக ஆடியவன் கால் தடுக்கி விழுவான். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும், சிலருக்குக் குதிகால் வலிக்கும். வளர்கிற எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருகிற வலி இது. டாக்டரிடம் காட்டி ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். "நடிக்காதேடா" என்று கோச் கத்துவதை நான் மைதானத்தின் நடுவில் நின்று கேட்டிருக்கிறேன். ஆட்டத்தை நிறுத்திப் பையனை வெளியே அனுப்பினால் அந்தக் கோச் என்னைத்தான் முறைப்பார். செமிஃபைனல் அல்லவா!

தலையால் முட்டுவதைப் பற்றி நீளமாக எழுதவில்லை. அமெரிக்காவில் பத்து வயதுக்கும் அதற்குக் கீழேயும் ஹெட்டர் கூடாது என்று 2015-இலேயே அறிவித்தார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் பதினொரு வயது வரை பயிற்சியில் ஹெட்டர் வேண்டாம் என்று 2020-இல் சொல்லிவிட்டார்கள். நம் கோச்சுகள் இன்னும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கார்னர் தூக்கிப் போட்டுப் பழக்குகிறார்கள்.

"அப்படியானால் போட்டியே வேண்டாமா? தோற்கப் பழக வேண்டாமா?" என்று கேட்பார்கள். நன்றாகப் பழகட்டும். ஸ்கோர் தெரியாத எட்டு வயதுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. விசில் ஊதி முடிப்பதற்குள் "நாங்க ரெண்டு, அவங்க மூணு, ஆனா ஒண்ணு ஹேண்ட் சார்" என்று வழக்கோடு வருவார்கள். ஐந்து நிமிஷத்தில் மறந்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலால் ஒருவரையொருவர் நனைத்துக்கொள்வார்கள். அந்த ஸ்கோர் அவர்களுடையது, அவர்களோடு இருக்கட்டும். அது பேப்பரில் ஏறியதும் அப்பாவுடையதாகிவிடுகிறது. கோச்சுடையதாகிவிடுகிறது. அப்பா அதை வெட்டி லேமினேட் செய்கிறார். கோச் அதைத் தன் அகாடமி விளம்பரத்தில் போடுகிறார், அடுத்த வருஷம் இன்னும் உயரமான பிள்ளைகளைத் தேடுகிறார். உங்கள் பக்கத்தில் நான்கு வரிச் செய்திதான், ஆனால் யார் ஆடுவது, யார் உட்காருவது என்பதை மைதானத்தில் அதுதான் தீர்மானிக்கிறது.

நார்வேயில் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதியே இருக்கிறது. பிள்ளைக்குப் பதினொரு வயது ஆகிற வருஷத்துக்கு முன்புவரை முடிவுப் பட்டியல், புள்ளிப் பட்டியல், தரவரிசை எதுவும் வெளியிடக்கூடாது. கோல் அடிப்பதில் உலகப் பெயர் பெற்ற எர்லிங் ஹாலண்ட் அந்த நாட்டில் பிரைன் என்ற சின்ன ஊரில் கால்பந்து கற்றவர். பத்து வயதில் பட்டியல் இல்லாததால் அவருக்குக் கோல் அடிக்கும் ஆசை குறைந்ததாகத் தெரியவில்லை.

ஸ்கோரை விட்டுவிட்டு எதைத்தான் போடுவது என்று உங்கள் நிருபர் கேட்கலாம். போடுவதற்கு நிறைய இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் ஆடினார்கள், பெஞ்சில் இருந்தவர்களுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று கேட்டு எழுதுங்கள். கோல்கீப்பரை மாற்றி மாற்றி நிறுத்தும் கோச், டிஃபன்ஸில் ஆடுகிறவனை அடுத்த மேட்ச்சில் ஃபார்வர்டாக அனுப்பும் கோச் அபூர்வமாக இருக்கிறார்கள். அவர்கள் ஜெயிப்பதில்லை, அதனால் உங்கள் கண்ணில் படுவதில்லை. மைதானத்தின் அளவையும் பந்தின் நம்பரையும் ஒரு வரியில் போடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளை முழு மைதானத்தில் ஆடவிட்டார்கள் என்று ஒருமுறை அச்சில் வந்தால், நான் கத்துவதைவிட அது வேகமாக வேலை செய்யும். படம் போடுவதானால் இரண்டு அணியையும் சேர்த்து நிற்கவைத்து எடுங்கள்.

இங்கிலாந்துச் சிறுவர் ஆட்டங்களில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு அணி நான்கு கோல் பின்தங்கினால் கூடுதலாக ஒரு பிள்ளையை இறக்கிக்கொள்ளலாம், வித்தியாசம் குறைந்ததும் எடுத்துவிட வேண்டும். சின்ன மைதானங்களில் கோல் கிக் அடிக்கும்போது எதிரணி பின்வாங்கி நிற்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அப்போது கோல்கீப்பர் தூக்கி அடிக்காமல் பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கே பந்தை உருட்டலாம். இந்த இரண்டையும் நான் நடுவராகப் போகிற ஒரு போட்டியில் கேட்டுப் பார்த்தேன். இரண்டாவதை ஒப்புக்கொண்டார்கள். முதலாவதற்கு, "ஸ்கோர் குழம்பிடும் சார், பேப்பர்க்காரங்களுக்கு என்ன சொல்றது?" என்றார்கள்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் தாராளமாக ஸ்கோர் போடுங்கள், பட்டியல் போடுங்கள், நடுவர் தப்பு செய்தான் என்றும் எழுதுங்கள். அதற்குக் கீழே மட்டும் வேண்டாம். உங்கள் பத்திரிகை இதை ஒரு முடிவாக எடுத்து விளையாட்டுப் பக்கத்தில் அறிவித்தால், அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போட்டி அமைப்பாளர்களிடம் நானே போய்ப் பேசுகிறேன்.

இப்படிக்கு,
சிறுவர் கால்பந்துப் போட்டிகளின் நடுவர் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம். அடுத்த சீசனுக்கும் என்னைக் கூப்பிட வேண்டும்.)